நிலாவுக்குப் போன எச்சில்

எச்சில் அத்தை என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில். பிள்ளை பெற்றிருந்தவள் அத்தையின் தம்பி மனைவிக்குச் சித்தப்பா மகள். அந்தச் சித்தப்பா இரண்டு தாரம் கட்டியவர். இவள் மூத்த தாரத்துப் பெண். குழந்தையைப் பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ, "எச்சில் அத்தை வரலையா?" என்று கேட்டார்கள். உடனே தம்பி மனைவி, "அவங்க எதுக்கு இங்க வரணும்? நிலாவுலேர்ந்தே பாத்துக்குவாங்க" என்றாள். வராந்தாவே சிரித்தது. பெற்றவள், தையல் பிரிந்துவிடும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குழந்தை மட்டும்தான் அழுதது.

இப்படிச் சிரிக்கும்படி அத்தை என்னதான் செய்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கட்டியவன் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டதால் அத்தை தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த இடம் கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த நடை. தலைமாட்டில் வாஷிங் மெஷின். யார் குளியலறைக்குப் போனாலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். தம்பி மனைவி மரியாதை தெரிந்தவள். வெறுமனே தாண்ட மாட்டாள். "அண்ணி, காலைக் கொஞ்சம் மடக்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டுவாள். அத்தைக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம். உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் தாண்டாத தரையில் காலை நீட்டிப் படுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வேலை, மாட்டாஸ்பத்திரியில் கழுவித் துடைப்பது. ஆனால் அவள் கைக்கு ஒரு ராசி இருந்தது. எந்த மிருகமும் அவளிடம் வாயைத் திறக்கும். தாடை மூலையில் கட்டைவிரலை வைத்து, "எங்க, ஆ காட்டு" என்பாள். டாக்டரைக் கடித்த நாய் அவளுக்குக் கொட்டாவி விட்டுக் காட்டும். அதனால் மாத்திரை விழுங்க வைக்கிற வேலை தானாக அவள் தலையில் விழுந்தது. சம்பளம் என்னவோ துடைப்பத்துக்குத்தான்.

அப்போதுதான் நிலாக் கம்பெனி வந்தது. அதற்கு வாய் கொள்ளாத நீளத்தில் ஒரு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. நாளைக்கே பூமியில் எல்லாம் அழிந்துபோனால் என்ன செய்வது என்று படித்தவர்கள் கூடி யோசித்தார்களாம். அழியாமல் இருக்க என்ன செய்யலாம் என்றும் யோசித்திருக்கலாம். ஆனால் அதற்கு ராக்கெட் தேவைப்படாது. ராக்கெட் இல்லையென்றால் போட்டோ எடுக்க யாரும் வர மாட்டார்கள். ஆகவே, ஒவ்வொரு பிராணியின் கன்னத்துக்குள்ளும் பஞ்சுக் குச்சியால் தடவி, அதன் டி.என்.ஏ.வை ஒரு சின்னக் குழாயில் அடைத்து உறைய வைத்து, நிலாவில் ஒரு குழிக்குள் பத்திரப்படுத்துவது என்று முடிவாயிற்று. பின்னால் அதிலிருந்து நரியை நரியாகவும் ஆமையை ஆமையாகவும் எடுத்துக்கொள்ளலாமாம். எடுப்பது யார் என்று கேட்டால், எல்லாரும் அழிந்த பிறகு மிச்சம் இருப்பவர்கள் என்று பதில்.

திட்டம் போட்டாயிற்று. நரியின் வாயை யார் திறப்பது? படித்தவர்களுக்கு விரல் முக்கியம். மாட்டாஸ்பத்திரியிலிருந்து அத்தையைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ராக்கெட் கிளம்பும் நாளில் வேலையில் இருப்பவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு என்று கம்பெனி இயக்குநர் சொன்னார். அத்தை கேட்ட ஒரே கேள்வி, "உள்ள தாழ்ப்பாள் இருக்குமாங்க?"

கையுறை, முகமூடி, வெள்ளைக் கோட்டு எல்லாம் மாட்டிவிட்டுப் பாடம் எடுத்தார்கள். ஒரு பிராணிக்கு ஒரு குச்சி. பஞ்சைக் கையால் தொடக் கூடாது. தண்ணீர் படக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் காய்ந்த பஞ்சு ஈறில் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் பிராணிக்கு வலிக்கும், திமிறும். அத்தை என்ன செய்தாள்? ஊசியில் நூல் கோக்கும்போது எல்லாப் பெண்களும் செய்வதைத்தான் செய்தாள். முகமூடியைக் கீழே இறக்கி, குச்சியை நாக்கில் ஒரு தொடு தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, பிறகு பிராணியின் வாயில் விட்டாள். தண்ணீர் படக் கூடாது என்றுதான் சொன்னார்கள். எச்சில் படக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கூட நின்று பார்த்திருந்தால் சொல்லியிருப்பார்கள். அவர்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

நரி, முயல், ஆமை, வௌவால், கழுதை. அத்தை எல்லாவற்றுக்கும் ஆ காட்டச் சொன்னாள். கம்பெனிக்குப் பின்னாலிருந்த குட்டையில் மட்டும் வாழ்கிற ஒரு மஞ்சள் வயிற்றுத் தேரை இருந்தது. உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம். அதற்குக் குச்சி போடும் அன்று இயக்குநரே போட்டோக்காரரோடு வந்தார். தேரையை உள்ளங்கையில் வாங்கினார். தேரை அவர் சட்டைக் கையில் மூத்திரம் பெய்தது. "ஐயோ!" என்று அதை வீசிவிட்டு நாற்காலி மேல் ஏறியவர், அத்தை அதைத் தேடிப் பிடித்துக் குச்சி போட்டு முடிக்கும்வரை இறங்கவில்லை.

கடைசியில் மனிதக் குழாய் ஒன்று பாக்கி இருந்தது. மனித குலத்துக்காக யார் எச்சில் போவது என்பதில் பெரிய அடிபிடி. நன்கொடை கொடுத்தவர் தன் எச்சில்தான் என்றார். இயக்குநரின் மாமனார், தங்கள் வம்சத்தில் யாருக்கும் சர்க்கரை வியாதியே வந்ததில்லை என்று ஆஸ்பத்திரி அறிக்கையோடு வந்து உட்கார்ந்தார். தம்பி மனைவிகூட, "அண்ணி, நம்ம பெரியவனுக்குச் சொல்லிப் பாருங்களேன். கணக்குல கெட்டிக்காரன்" என்றாள். நன்கொடைதான் ஜெயித்தது.

குழாய்களைப் பெட்டியில் அடுக்குவதற்கு முன், ஆய்வுக்கூடத்துப் பெண் நாலைந்தை எடுத்துச் சோதித்துப் பார்த்தாள். பார்த்தவள் நேராக அத்தையிடம் வந்தாள்.

"அத்தை, நரிக்கும் ஆமைக்கும் என்ன சொந்தம்?"

"என்னம்மா கேக்கறே? அதுக்கும் இதுக்கும் என்ன ஒட்டு உறவு?"

"எனக்கும் தெரியல. ஆனா ரெண்டுலயும் ஒரே பொம்பளை இருக்கா. தேரையிலயும் இருக்கா. தேரைக் குழாயில தேரையையே காணோம். முழுக்க அவதான்."

அத்தை முகமூடியைக் கீழே இறக்கினாள். "நாக்குல தொட்டா தப்பாம்மா?" என்றாள்.

அந்தப் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இயக்குநர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேச்சு நடந்தது. குவார்ட்டர்ஸ் போயிற்று என்றே அத்தை நினைத்தாள். "சார், என் தப்புதான். மிருகமெல்லாம் எங்க போயிடுச்சு? மறுபடி எடுத்துத் தரேன். இந்தத் தடவை வாயை இறுக்கி மூடிக்கறேன்" என்றாள்.

இயக்குநர் காலண்டரைப் பார்த்தார். மறுபடி எடுத்தால் தேதி தள்ளிப் போகும். தேதி தள்ளிப் போனால் ஏன் என்று கேட்பார்கள். அத்தையை வேலையை விட்டு அனுப்பினாலும் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்ற கேள்விதான் அவருக்கு ஆகாது.

"இங்க பாரும்மா. மேல போயி யாரு திறந்து பாக்கப் போறாங்க? உனக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு. வாயை மட்டும் திறக்காதே."

"வாயைத் திறக்க வைக்கிறதுக்குத்தானே சார் சம்பளம் குடுத்தீங்க" என்றாள் அத்தை. ஆனால் சாவியை வாங்கிக்கொண்டாள்.

ராக்கெட் போயிற்று. உலகமே கை தட்டியது. நன்கொடையாளர் ஒரே ஒரு குழாயில் போனார். அத்தை நரியாகவும் முயலாகவும் கழுதையாகவும் பெட்டி பெட்டியாகப் போனாள்.

குவார்ட்டர்ஸ் ஓர் அறை, ஒரு சமையலறை, குட்டைப் பக்கம் ஒரு ஜன்னல். முதல் நாள் அத்தை பட்டப்பகலில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு திறந்தாள். மறுபடி போட்டாள். நடுத்தரையில் கை காலை விரித்துப் படுத்தாள். ஜன்னலுக்கு வெளியே தேரைகள் கத்திக்கொண்டே இருந்தன. அவளுக்கு அது ஒரு தொந்தரவாகவே தெரியவில்லை. அவை அவளைத் தாண்டிப் போகவில்லையே. தம்பி மனைவி வந்து பார்த்துவிட்டு, "காத்து நல்லாத்தான் வருது, அண்ணி. ஆனா ஒரே பாசி நாத்தம்" என்றாள். அதற்குப் பெயர் பொறாமை என்று அத்தைக்குத் தெரியாதா?

அப்புறம் கம்பெனி அந்தக் குட்டையை மூட முடிவெடுத்தது. நிலாவைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பெரிய மண்டபம் கட்ட வேண்டுமாம். தேரை என்னாகும் என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருந்தது: தேரைதான் நிலாவில் பத்திரமாக இருக்கிறதே! மண்டபத்துக்காகக் குட்டையில் மண் கொட்டும் நாளில் பந்தல், மேடை, மைக், வரிசையாக நாற்காலிகள். அத்தை கடைசி வரிசையில், கம்பெனி கொடுத்த புதுப் புடவையில், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குட்டைக்காக அவள் எழுந்து சண்டை போட்டாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குட்டை போனால் போகட்டும், கதவு இருக்கிறது என்றுதான் அவள் மனசைத் தேற்றி வைத்திருந்தாள். கேடு வேறு பக்கமிருந்து வந்தது.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "அந்தச் சின்னஞ்சிறு உயிரை இந்தக் கையில்தான் ஏந்தினேன். அதன் மாதிரியை நானே, என் கையாலேயே எடுத்தேன்" என்று அதே கையைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் கை தட்டியது.

அத்தைக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அவள் கை ராசி என்ற ஒன்றுதான் உலகத்தில் அவளுக்கென்று இருந்தது. அதையும் ஒருத்தன் மைக் வைத்துத் திருடினால்?

எழுந்தாள். "நீங்களா எடுத்தீங்க? நாற்காலி மேல ஏறி நின்னவரு யாரு சார்?"

கூட்டம் திரும்பியது. ஆய்வுக்கூடத்துப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உக்காரும்மா, உனக்கு உடம்பு சரியில்ல" என்றார் இயக்குநர்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மேல வேற நிறைய இருக்கு! அங்க இருக்கறது தேரை இல்லீங்க, நானு. குச்சிய நாக்குல தொட்டுத்தான் எடுத்தேன், இந்தப் பொண்ணு பாத்துச் சொன்னா. நரியும் நான்தான், கழுதையும் நான்தான். நாளைக்கு நீங்க தேரை வேணும்னு திறந்தா நான்தான் எந்திரிச்சு வருவேன்!"

முதலில் ஒரு சிரிப்பு. பிறகு இன்னொன்று. பிறகு முன்வரிசையில் இருந்த நன்கொடையாளர் சிரிக்காமல் மெதுவாக, "என் குழாயில?" என்று கேட்டார். அதற்கு அத்தை, "உங்க வாயை நான் தொறக்கலைங்க, அது உங்க சொந்தம்" என்றாள். அவர் ஆய்வுக்கூடத்துப் பெண்ணைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். மண் லாரி மண்ணோடு திரும்பிப் போயிற்று.

கம்பெனி ஒரு விசாரணைக் குழு போட்டது. மேலே இருப்பது தேரைதான் என்று ருசுவாகிறவரை குட்டையைத் தொடக் கூடாது என்று குழு சொன்னது. ருசுவாக்க வேண்டுமானால் நிலாவுக்குப் போய்க் குழாயை எடுத்து வர வேண்டும். ஆகவே குழு இன்னும் கூடிக்கொண்டே இருக்கிறது. மாலையில் எல்லாருக்கும் தேநீர் உண்டு. இயக்குநருக்கு வேறு பெரிய பதவி கிடைத்தது. அத்தைக்கு வேலை போயிற்று; அந்த வார முடிவிலேயே குவார்ட்டர்ஸைக் காலி செய்தாள். சாவியைக் கொடுக்கும் முன் தாழ்ப்பாளை ஒரு முறை போட்டுப் பார்த்தாளாம். அதை ஆய்வுக்கூடத்துப் பெண் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்துவாள்.

எச்சில் அத்தை இப்போது ஒரு நாய் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிறாள். தம்பி வீட்டில், தம்பியின் மாமியாரோடு ஒரே அறையில் இருக்கிறாள். அந்த அறைக்குக் கதவு உண்டு. குறட்டைக்காரக் கிழவி அதைச் சாத்த விடுவதில்லை.