செர்ரி பூக்கும்வரை

என் மச்சாள் அருள்நாயகி கூறைச்சேலையை ஒரே ஒரு தடவைதான் உடுத்தியவர். நல்ல பட்டை நல்ல நாளுக்கென்று வைத்து வைத்தே பழுதாக்குகிற பரம்பரை எங்களுடையது. அப்படிப்பட்டவரிடம் போய்ப் பக்கத்து வீட்டு மிச்சிகோ ஒரு கிமோனோவைக் கொடுத்தார்!

புலம்பெயர்ந்து வந்த நோர்பரியில் இருவருக்கும் நடுவே ஒரு வேலிதான். இந்தப் பக்கமிருந்து தோசை போனால் அந்தப் பக்கமிருந்து பச்சைத் தேநீர் வரும். என்ன அருமையான காலம் அது.

கிமோனோ மிச்சிகோ இளமையில் உடுத்தியது. வெளிர்சாம்பல் பட்டில் கையால் தீட்டிய செர்ரிப் பூக்கள். கீழ்க்கரையில் தொடங்கும் கிளை, தையல்களைத் தாண்டித் தோள்வரை முறியாமல் ஏறும். முதலில் துணித்துண்டுகளை இழையோட்டி இணைத்துப் பூவுக்கு இடம் குறித்து, பிறகு தையலைப் பிரித்துத் தீட்டுவார்களாம். மச்சாள் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடிவிட்டார்.

"தெருவில செர்ரி மரம் நிக்குதெல்லோ, அது பூக்கட்டும். அதுக்குக் கீழ நிண்டு உடுப்பன்" என்றார் என்னிடம்.

மரம் பூக்கிற நேரம் பார்த்து ஒரு வருடம் மழை, ஒரு வருடம் காய்ச்சல். ஒவ்வொரு மாசியிலும் மிச்சிகோ, இந்த வருடம் உடுப்பீர்களா என்று கேட்பார். அதற்குமேல் வற்புறுத்தமாட்டார்.

இந்த மாசியில் மிச்சிகோ ஒசாக்காவிலுள்ள மகனிடம் நிரந்தரமாகப் புறப்பட்டார். "மரம் மொட்டையா நிக்குது. அவ பாக்காமலே போகப்போறா" என்று மச்சாள் அழுதார். புறப்படும் நாள் காலை, மரம் பூப்பதற்காகத்தான் காத்திருந்தேன், மன்னித்துவிடுங்கள் என்று மிச்சிகோவிடமே ஆங்கிலத்தில் சொன்னார்.

மிச்சிகோ திகைத்துப்போனார். பூக்குமுன்னரே உடுப்பதுதான் எங்கள் முறை, பூத்தபின் உடுத்தால் மரத்தோடு போட்டி போடுவதாகிவிடும் என்றார். உங்கள் முறை வேறாக்கும் என்று நினைத்துப் பேசாமல் இருந்தாராம். மரியாதை பார்த்தே இத்தனை வருடத்தைத் தொலைத்த இருவர்மேலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

டாக்ஸி வாசலில் நிற்க, மிச்சிகோ கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மச்சாளை உள்ளே கூட்டிப்போனார். வலப்பக்கத்தை உள்ளே மடித்து, இடப்பக்கத்தை மேலே போட்டு, இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டிவிட்டார். மச்சாள் வந்து மொட்டை மரத்தின் கீழ் நின்றார். அத்தனை அழகாக அவரை நான் கண்டதேயில்லை. டாக்ஸி தெருமுனையில் திரும்பும்வரை மிச்சிகோ பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே போனார்.

சித்திரையில் மரம் பூத்துக் கொட்டியது. "உடுத்துக்கொண்டு வாங்கோ மச்சாள், படமெடுத்து அவவுக்கு அனுப்புவம்" என்றேன்.

"இப்ப உடுக்கப்படாது" என்றார் மச்சாள். "வாற மாசியில ஒசாக்காவில உடுப்பன். டிக்கெட்டைப் பாரும்."