காண்டாமிருகம் சொன்ன சாட்சி

போன செவ்வாய்க்கிழமை என் காருக்குள் ஒரு கோபம் வெடித்தது. என்னுடையதுதான்.

பிரெஞ்சு பேசும் இந்த ஊரின் சென்ட் லோரன்ட் பகுதியில், ஒரு தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிறவர் பீம் தராய். நேபாளத்துக்காரர். எங்கள் தமிழ்ப் பெடியளோடு பழகிப் பழகி, தமிழே கதைப்பார். அவருடைய ஐந்து வயது மகள் மாயா பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை. நேபாளி மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பரிசோதித்தார்கள்... ஒரு சொல் வரவில்லை. புத்தி பிந்திய பிள்ளைகளின் வகுப்புக்கு மாற்றுவதென்று முடிவு. அதற்குக் கையெழுத்துப் போடப் புறப்பட்ட குடும்பம், பிரெஞ்சு தெரிந்தவன் என்று என்னையும் கூப்பிட்டது.

பின் சீட்டில் மாயா தாயோடு மூச்சு விடாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

"இவ்வளவு நேபாளி கதைக்கிறாளே, பேந்தென்ன பிரச்சினை?"

"இது நேபாளி இல்லை அண்ணை. தராய். எங்கட சனத்தின்ர பாஷை."

"அப்ப பள்ளிக்கூடப் படிவத்தில என்ன எழுதினீர்?"

"நேபாளி." குரல் இறங்கியது. "தராய் எண்டா ஆருக்குத் தெரியும்? ஊரில பள்ளிக்கூடத்தில கதைச்சாலே சிரிப்பினம். அதை எப்பிடி அண்ணை எழுதிறது?"

வந்ததே எனக்குக் கோபம்! பிரெஞ்சு மொழிக்காக நாட்டையே பிரிக்கலாமா என்று வாக்குப் போட்ட ஊர் இது. இங்கே வந்தும் ஒரு மனிதர் தன் மொழியை ஒரு கட்டத்துக்குள் எழுத வெட்கப்படுவதா? அது பிள்ளையின் தலையில் அல்லவா விடிகிறது!

"இண்டைக்கு ஒருத்தரும் கையெழுத்துப் போடக் கூடாது" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் பரிசோதிக்கும் ஆசிரியையிடம் ஒன்றுதான் கேட்டேன் — படங்களைத் தாயே காட்டிக் கேட்கட்டும். சம்மதித்தார். தாய் கணவரைப் பார்த்தார். பிறகு மெல்லத் தராயில் தொடங்கினார். பசு, குடை, மீன்... மாயா டக் டக்கென்று சொன்னாள். அடுத்த படம் காண்டாமிருகம். அவ்வளவுதான்! எழுந்து நின்று, கையை ஆட்டி, கண்ணை உருட்டி ஒரே கதை!

என்ன சொல்கிறாள் என்று ஆசிரியை கேட்டார். பீம் நெளிந்தார்.

"ஊரில எங்கட சோளத் தோட்டத்துக்க காண்டாமிருகம் வந்ததாம்..."

"பிறகு?"

"நான்தான் முதல் ஆளா மரத்தில ஏறினனாம். அதைச் சொல்லாதேங்கோ அண்ணை."

விடுவேனா? ஒரு சொல் குறைக்காமல் பிரெஞ்சில் சொன்னேன். ஆசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு வகுப்பு மாற்றும் தாளை எடுத்து, எங்கள் முன்னாலேயே கிழித்துப் போட்டார்!

பீம் படிவத்தைக் கேட்டு வாங்கினார். 'நேபாளி'யை வெட்டி, கட்டத்துக்கு வெளியே போகிற அளவு பெரிதாக எழுதினார்: தராய்.

காண்டாமிருகத்துக்குப் பயந்தால் மரத்தில் ஏறலாம்... சொந்த மொழிக்கு வெட்கப்பட்டால் எதில் ஏறுவதாம்?