மாடி தாங்கும் கடைக்கால்

லாசரஸ் செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவார். உள்ளே தரை இன்னும் போடவில்லை. மணலும் காக்கை எச்சமும்தான். மேலே கூரையும் இல்லை. நான்கு சுவர், ஒரு கதவு, கம்பி வைத்த ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்து கொக்கி மாட்டுவார். சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார். பிறகு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடப்பார். பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை.

மாலையில் திரும்பியதும் ஜன்னலைச் சாத்திக் கதவைப் பூட்டுவார்.

“பூட்டியாச்சா? மழை வந்து சாவி கேட்டுக்கிட்டு நிக்கப்போவுது” என்பார் மனைவி ரத்தினபாய்.

“கதவுன்னு ஒண்ணு வெச்சா பூட்டணும் ரத்தினம்.”

இரும்புலியூரில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். துணி துவைக்கும் கல்லில் நின்றால் எல்லாம் காதில் விழும்.

லாசரஸ் ஒல்லியான மனிதர். காலர் நைந்ததும் சட்டையை டெய்லரிடம் கொடுத்துக் காலரைத் திருப்பித் தைத்துக்கொள்வார். தெருவில் எங்கே வீட்டுவேலை நடந்தாலும் நின்றுவிடுவார். “தளம் எத்தனை இஞ்ச் போடறீங்க?” என்று கேட்பார். பதில் வந்ததும் தலையாட்டிவிட்டு நகர்வார். இதனாலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் பிந்தித்தான் போய்ச் சேருவார். ரத்தினபாய் பக்கத்தில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரே அறையும் சமையற்கட்டும் உள்ள வீடு. மகள் கிருபாவுக்குக் கல்யாணமானபோது இன்னொரு அறை கட்ட நினைத்தார். குரோம்பேட்டையில் செங்கல் வியாபாரம் செய்யும் தனக்கோடியிடம் பத்திரத்தை அடமானம் வைத்தார். கடைக்கால் தோண்டும்போது ஆசை வந்துவிட்டது. எப்படியும் ஒருநாள் மாடி எடுப்போம், அதையும் தாங்குகிறமாதிரி இப்போதே போட்டுவிடலாம் என்று ஆளுயரத்துக்குத் தோண்டச் சொன்னார். பணத்தில் பாதி கருங்கல்லாகப் பூமிக்குள் போயிற்று. மீதியில் சுவர் எழும்பியது. தளம் போடும் உயரம் வந்ததும் வேலை நின்றது.

கிருபா இப்போது முழுகாமல் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வரவேண்டும். ஏழாம் மாதம் முடிகிற நேரத்தில் மழைக்காலம் தொடங்கிவிடும்.

“கீத்தாவது போடுங்களேன். புள்ளத்தாச்சிப் பொண்ணு வந்து எங்க படுப்பா?”

“கீத்து போட்டுட்டா அப்புறம் தளமே வராது ரத்தினம். ஒழுகலையேன்னு இருந்துடுவோம். நம்மள நமக்குத் தெரியாதா?”

அடமானக் கெடுவும் முடிந்திருந்தது. கெடுவைப் புதுப்பிக்கும்போது கொஞ்சம் சேர்த்து வாங்கித் தளம் போட்டுவிடலாம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையில், தளத்துக்கு அடியில் முட்டுக்கொடுக்கிற சென்டரிங் பலகைக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டார்.

தனக்கோடி ஒரு காலையில் வந்தார். செருப்போடு அறைக்குள் போய், நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“இன்னா சார் இது, ரூம்பு ரூம்புன்னீங்க. மானம் தெரியுது.”

“தளம் ஒண்ணுதாங்க பாக்கி. கீழே பவுண்டேஷன் பாருங்க, ரெண்டு மாடி தாங்கும்.”

“மாடி வூட்டை மண்ணுக்குள்ள கட்டி வெச்சிக்கினு கீறீங்க. மண்ணுக்குள்ள கீறதுக்கு நான் இன்னா சார் விலை போடறது?”

“ஆழமா போடுங்கன்னு நீங்களும்தானே சொன்னீங்க?”

“சொன்னேன். கல்லும் செங்கல்லும் நான்தான சார் வித்தேன்.” தனக்கோடி சிரித்தார். லாசரஸும் மரியாதைக்காகச் சிரித்தார். “பழைய துட்டுக்கு இன்னும் ரெண்டு வருசம் எழுதிக்கலாம். மேல கேட்டு என்னை பேஜார் பண்ணாதீங்க.”

அவர் போன பிறகு ரத்தினபாய் வெளியே வந்தார். கணவருக்கு ஒரு டம்ளர் காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். லாசரஸ் அதை ஆறவிட்டு, ஆறிய பிறகும் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அன்று ஆபீசுக்குப் போகவில்லை.

சனிக்கிழமை ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டி நிறையத் தென்னங்கீற்று. கூடவே கூரை வேய்கிற சின்னப்பன். மூங்கில் கட்டி முடித்து அவர் சுவர்மேல் ஏறி வேய ஆரம்பித்தார். கூலி ஒருவருக்குத்தான் கட்டுப்படியாகும் போலிருக்கிறது. லாசரஸ் தாமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். ஓரத்துக் கீற்றுகளை மூங்கிலோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினார்.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. சின்னப்பன் குனிந்து அவர் போட்ட முடிச்சைப் பார்த்தார்.

“இன்னா சார், பூட்ஸுக்கு லேஸ் கட்றமாதிரி கட்றீங்க? இஸ்த்தா அவுந்துடும். இறுக்கி ரெண்டு முடிச்சாப் போடுங்க.”

“சரிப்பா” என்றார் லாசரஸ்.

ஏணியை நகர்த்திவைத்து ஏறி, அடுத்த மூங்கிலில் கயிற்றைச் சுற்றினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழ்கிறமாதிரி அதே முடிச்சைப் போட்டார்.