நாலாவது அடுக்கின் வால்வு

என் பெண்டாட்டி தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். பதினாறு வருஷமாக அதே வேலை. ஏரித் தண்ணீரை அங்கே தலைமுடி கனமே உள்ள சவ்வுக் குழல்களுக்குள் அழுத்தி வடிகட்டுவார்கள். கிருமி வெளியே நின்றுவிடும். ஆயிரக்கணக்கான குழல்கள், ஐந்து அடுக்கு. ஒன்று அறுந்தாலும் போச்சு. அதனால் தினமும் காலையில் ஒவ்வொரு அடுக்கிலும் காற்றை ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் எங்கேயோ ஓட்டை.

அவளுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாத்திய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். நான் சலூன் வைத்திருப்பவன். "உன்னோட மல்லுக்கட்டியே எனக்கு முடி நரைச்சுப்போச்சு" என்பேன். "நரைக்கறதுக்கு முடி எங்க இருக்கு?" என்பாள்.

ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

"நாலாவது அடுக்கோட வால்வை நான் திறக்கவே இல்லைங்க!"

முள் இறங்கவில்லை என்று பதிவேட்டில் 'சரி' போட்டிருக்கிறாள். வால்வு மூடியிருந்தால் காற்று குழல்களுக்குப் போகவே போகாது. வெறும் இரும்புக் குழாயைச் சோதித்துவிட்டு வந்திருக்கிறாள், மகராசி.

அடுத்த சூப்பர்வைசர் அவள்தான் என்று பேச்சு. எனக்கு அந்த ஆசை. "நாளைக்குக் கமுக்கமா பார்த்துக்கோயேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்று சொல்லித் தொலைத்தேன். முறைத்தாள் பாருங்கள், அப்பப்பா!

இன்ஜினியருக்குப் போன் போட்டாள்.

"அதான் குளோரின் போடறோமேம்மா, எதுக்குப் பதட்டம்?"

"குளோரினுக்குச் சாகாத கிருமியும் இருக்கு சார். நான் சப்ளையை நிறுத்தப்போறேன்."

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

கடையில் எனக்குக் கை ஓடவில்லை. ஒருவர் முகம் முழுக்கச் சோப்பு நுரை பூசி முடித்தேன், குழாயில் தண்ணீர் மெலிந்து நின்றது. நிறுத்தியேவிட்டாள், பாவி. அவர் தண்ணீர்க்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். நான் நுரையைத் துண்டால் துடைத்துவிட்டேன்.

சாயங்காலம் வந்தாள். வால்வைத் திறந்து சோதித்ததும் முள் மளமளவென்று இறங்கியதாம். காற்றுக் குமிழி வந்த குழல் ஒன்றே ஒன்று. அதன் வாயில் ஊசியைச் செருகி அடைத்தாளாம். பதிவேட்டில் தன் 'சரி'யை அடித்துவிட்டு, 'வால்வைத் திறக்காமல் சோதித்தது நான்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாளாம். சூப்பர்வைசர் வேலை இனி இல்லை என்று இன்ஜினியர் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டாராம்.

இதையெல்லாம் அவள் கலங்காமல்தான் சொன்னாள்.

"காலைலேருந்து எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"மூணு" என்றேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.