கிணற்றை எட்டிப் பார்த்தவர்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராக்கெட் சோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் நரைமீசைக்காரர் ஒருவர், நாங்குநேரியில் என் வயலில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கிணற்றை எட்டிப் பார்த்து ஆழமும் கேட்டார். முன்பு அப்படிக் கேட்டவன்தான் பக்கத்து வயலில் ஆழ்குழாய் போட்டு லாரி லாரியாகத் தண்ணீர் விற்றான். அந்தப் பயத்தில் நாற்பதடிக் கிணற்றை இருபதடி என்றேன்.

"எதுக்குக் கேக்கிய?"

"பழக்கம், அண்ணாச்சி. நிலாவுலயும் வெயில் படாத குழியில பனிக்கட்டி இருக்கு. அதுல எரிபொருள் செஞ்சா, அங்கன இருந்தே செவ்வாய்க் கிரகத்துக்குப் போயிரலாம்."

"அது தீந்துட்டா?"

"அதான் பைய, கொஞ்சங்கொஞ்சமா எடுக்கணும்னு சொல்லுதேன். கேக்கத்தான் ஆளில்ல."

சொம்பில் மிஞ்சியதைக் கொட்டாமல் தன் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போனார். அவரிடம் பொய் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றுகிறது. ஆனாலும் கிணற்று மோட்டார் அறையை மட்டும் இன்னும் பூட்டியே வைத்திருக்கிறேன்.

எழுதியது: ஆவணி மூன்றாம் தேதி.