கேட்டால் மட்டும் சொல்ல வேண்டிய ரகசியம்

அந்த வட்ட மேசையில் நான் முதன்முதலாக அழுதது ஒரு சனிக்கிழமை, பதினோரு மணி டீக்குப் பிறகு. கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்தேன். எதிரில் இருந்த வக்கீல் மேசைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். பின்னால் நின்ற மேடம் கையைத் தட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். "பெட்டியத் தள்ளாதீங்க சார். தள்ளினா அழுதது போதும்னு அர்த்தம். எட்டற தூரத்துல வெச்சிட்டு சும்மா இருங்க." வக்கீல் பெட்டியைத் திரும்ப இழுத்துக்கொண்டார். நான் பாதி அழுகையில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு அங்கே அழுகிற வேலை இல்லை. தொம்மலூரில் மாடியில் இருந்த அந்த ஹாலைப் பெருக்கித் துடைத்து, வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பதுதான் வேலை. ஜோகுபாளையத்திலிருந்து நடந்தே வந்துவிடுவேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மேடம் பெரிய வக்கீல். மூன்று தலைமுறைக்கு முன்பே பெங்களூருக்கு வந்த தமிழ்க் குடும்பம். அப்பாவும் தாத்தாவும் சர்க்கார் உத்தியோகம். கோர்ட்டில் முப்பது வருடம் வாதாடிச் சலித்துப்போய், மற்ற வக்கீல்களுக்கு வேறொரு வித்தையைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். புருஷனையும் பெண்டாட்டியையும் எதிரெதிரே நிற்க வைக்காமல், ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்து, அவர்கள் வாயாலேயே ஒரு முடிவுக்கு வர வைக்கிற வித்தை. சண்டை போட்டுப் பிழைக்கிறவர்களுக்குச் சண்டையை நிறுத்தக் கற்றுக்கொடுப்பது. கேட்டதுமே எனக்குச் சிரிப்பு வந்தது.

பயிற்சி என்றால் நாடகம் மாதிரி. ஒருவர் புருஷன், ஒருவர் பெண்டாட்டி, ஒருவர் மாமியார், நடுவில் பேச்சு நடத்துகிற வக்கீல். ஆளுக்கொரு தாளில் அவரவர் கதை இருக்கும். அதன் அடியில் ஒரு ரகசியம் இருக்கும். நடுவில் இருப்பவர் சரியான கேள்வி கேட்டால்தான் அதைச் சொல்ல வேண்டும், தானாகச் சொல்லக்கூடாது. மாமியாராக உட்கார்ந்த வக்கீலம்மாக்கள் எல்லாரும் வக்கீலாகவே பேசினார்கள். ஒருத்தி விரலை மடக்கி மடக்கி, "முதல் பாயிண்ட், இரண்டாவது பாயிண்ட்" என்றாள். எந்த மாமியார் அப்படிப் பேசுவாள்? மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பினார். நான் டீத் தட்டோடு நின்றிருந்தேன். "நீங்க வந்து உக்காருங்கம்மா" என்றார்.

எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு. தாளோ இங்கிலீஷ். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் மேடம் சமையலறைக்கு வந்து, பால் பொங்காமல் ஒரு கண்ணால் பார்த்தபடி, என் கதையைத் தமிழில் சொல்லுவார். கடைசியில் குரலைத் தாழ்த்தி ரகசியத்தைச் சொல்லி, "கேட்டா மட்டும்தான், ஆமா?" என்பார். எத்தனையோ மருமகள்களுக்கு நான் மாமியாரானேன், எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு அத்தையானேன். என்ன கதையானாலும் நடுவில் ஒரு வரி என்னுடையது. "எல்லாம் என்னாலதான் சார் வந்துச்சு" என்று சொல்லி அழுவேன். அந்த வரி மேடத்துக்குப் பிடித்துப் போனது. அங்கேதான் நடுவில் இருப்பவர் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு, "நீங்க என்ன பண்ணீங்கம்மா?" என்று கேட்க வேண்டும்.

கேட்க மாட்டார்கள். அதுதான் என் ஆத்திரம். ஒருவர் மூன்றாவது நிமிஷத்திலேயே, "தப்பு உங்க மேலதாம்மா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒருவர் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இன்னொருவர் நான் சொல்வதை எல்லாம், "அதாவது நீங்க சொல்றது என்னன்னா" என்று அப்படியே திருப்பிச் சொன்னார். "நான் சொன்னதையே சொல்றதுக்கு எதுக்கு சார் இவ்ளோ படிச்சீங்க?" என்றேன். ஹாலே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டவர் தடித்த கண்ணாடி போட்ட ஒரு வக்கீல். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். நான் வேண்டுமென்றே நெடுநேரம் பேசாமல் இருந்து பார்த்தேன். அவர் அசையவில்லை. ரகசியத்தைக் கொடுத்துவிட்டேன். மேடம் அவரைக் காட்டி, "இதுதான் கேக்கறது" என்றார் எல்லாரிடமும்.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எனக்கு ஒரே பெண். மாப்பிள்ளை பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் லேத்து ஓட்டினார், வீடும் அங்கேயே. பேத்திக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். எனக்கு மகன் இல்லாததால் தாய்மாமன் மடிக்கு என் அக்கா மகனை உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தங்கள் பக்கத்து ஆள் ஒருவரை முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. காது குத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பெண்ணுக்குச் சொல்லி அனுப்பினேன்: அம்மாவுக்கு நெஞ்சு வலி, உடனே வா.

வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. பெண் அலறி அடித்துக்கொண்டு வந்தாள். "உன்னப் பாத்ததும் போயிடுச்சிம்மா" என்று சொல்லி, கையைப் பிடித்து இரண்டு நாள் வைத்துக்கொண்டேன். அங்கே பெற்றவள் இல்லாமலே குழந்தைக்குக் காது குத்தினார்கள். மறுநாள் காலையில் மாப்பிள்ளை என்னைப் பார்க்க வந்தார். நெஞ்சு வலிக்காரி குழாயடியில் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நின்றேன். அவர் குடத்தைப் பார்த்தார். திரும்பிப் போனவர், போன இடத்தில் எல்லாம், பெண்டாட்டி பொய் சொல்லித் தன் வீட்டு விசேஷத்தைக் கெடுத்தாள் என்று சொன்னார். பெண் திரும்பிப் போனபோது கதவைத் திறக்கவில்லை. குழந்தை அங்கே, தாய் இங்கே. பொய் என்னுடையது, என் பெண்ணுடையது இல்லை என்பது உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அதற்குள் விவாகரத்து நோட்டீஸ் வந்துவிட்டது.

நீதிபதி, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டிலேயே இருந்த சமரச அறைக்கு அனுப்பி வைத்தார். அந்த அறையிலும் வட்ட மேசை, டிஷ்யூ பெட்டி. நடுவில் அந்தக் கண்ணாடி வக்கீல். எனக்கு உயிர் வந்தது. அவர் முறையாகவே தொடங்கினார். "இந்தம்மாவ எனக்குப் பழக்கம். உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா வேற ஆளக் கேக்கலாம்" என்றார் மாப்பிள்ளையிடம். "பரவால்ல சார், யாரா இருந்தா என்ன" என்றார் மாப்பிள்ளை. பிறகு ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுப் பேசினார். என் முறை வந்தபோது கதவைச் சாத்தினார்.

நான் அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். உட்கார்ந்ததும் அழுகை வந்தது. வாயைத் திறந்தால் வந்தது அந்த வரிதான். "எல்லாம் என்னாலதான் சார் வந்துச்சு."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பு இல்லை; தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிப்போமே, அது. குரலைத் தாழ்த்தி, "அம்மா, இது கிளாஸ் இல்ல. இங்க நிஜமா பேசணும்" என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பேத்தி எந்த நாள்ல உங்க வீட்டுக்கு வந்தா உங்களுக்கு சௌகரியம், அத மட்டும் சொல்லுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "ஞாயித்துக்கெழம சார்" என்றேன்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த இடத்துக்கு வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரே ஒரு கேள்வி. ஹாலில் சம்பந்தமே இல்லாத மாமியாரிடம் அத்தனை அழகாகக் கேட்ட மனிதர், நிஜ மாமியாரிடம் கேட்கவில்லை. என் அழுகையை அவர் அத்தனை சனிக்கிழமை பார்த்திருந்தார். நிஜத்துக்கென்று நான் வேறொரு அழுகையை மிச்சம் வைத்திருக்கவில்லை. எனக்கும் அதே நோய். கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்று பழகிய வாய், கேட்காததால் மூடிக்கொண்டது. அப்படி மூடிக்கொண்டது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாரம் முழுக்கக் குழந்தை அப்பாவிடம், ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம், புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்திருப்பது என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். என் பெண் பேனாவை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையை ஒரு தரம் பார்த்தாள். கூப்பிட்டிருந்தால் அப்படியே எழுந்து போயிருப்பாள். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை மேடம், தன்னிடம் பழகியவர் முடித்த கேஸ் என்று ஹாலில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். பேர் ஊர் சொல்லவில்லை. "ஒரே சிட்டிங். சத்தம் இல்ல, சண்டை இல்ல" என்றார். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு டம்ளர் ஒருவர் மடியில் கவிழ்ந்தது. கோபத்தில்தான்.

மத்தியானம் சமையலறையில் மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "அவன் கேட்டிருக்கணும்" என்றார். பிறகு, "நீங்களும் சொல்லியிருக்கணும்மா" என்றார்.

"இப்ப போயி மாத்த முடியாதா மேடம்?"

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா முடியும். அவங்கள ஒத்துக்க வெக்கறது என் கையில இல்ல. உங்க கையிலதான் இருக்கு." எழுந்து போகும்போது நின்றார். "ஒண்ணு கேக்கறேன், வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. பேரெல்லாம் மாத்தி இத ஒரு கேஸா எழுதலாமா? இன்னொருத்தன் இந்தத் தப்பப் பண்ணக்கூடாது."

சரி என்றேன். என்ன நினைத்துச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

இரண்டு வாரம் கழித்து மேடம் அதே சமையலறையில் என் கதையை எனக்கே படித்துக் காட்டினார். இந்தத் தடவை, "கேட்டா மட்டும்" என்று சொல்லவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு சின்னப் பெண். கறுப்புக் கோட்டு வாங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. நான் என் வரியைச் சொல்வதற்கு முன்னாலேயே அவள், "அன்னிக்கு உங்களுக்கு நெஜமாவே நெஞ்சு வலிச்சுதாம்மா?" என்று கேட்டுவிட்டாள். "இல்ல கண்ணு" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். மேடம் மட்டும் தட்டவில்லை.

மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் குழந்தையை அழைத்துப் போக மாப்பிள்ளை எங்கள் தெரு முனைக்கு வந்தார். வீட்டுக்குள் வருவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். பெண்ணும் நானும் குழந்தையோடு போனோம். யாரும் கேட்காமல், நடுத்தெருவில் நின்று சொன்னேன். நெஞ்சு வலி பொய், போன் பண்ணச் சொன்னது நான், இவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மூச்சில் சொன்னேன். அழுகை வரவில்லை.

மாப்பிள்ளை குழந்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "இத அங்கயே சொல்லியிருக்கலாமே அத்த" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "கையெழுத்துப் போட்டாச்சி. பாப்பாவ அங்கயே ஸ்கூல்ல சேத்தாச்சி. எங்க அம்மா வீட்டுல இவ சாமானையெல்லாம் எடுத்து மாத்தி வெச்சிட்டாங்க. இப்ப எதத் தொட்டு எத எடுக்கறது?" பஸ் வந்தது. குழந்தை சன்னலில் இருந்து கை காட்டியது.

மேடம் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அந்த வித்தை இப்போது எங்கெங்கோ நடக்கிறதாம். என் கதையை வைத்து இன்னமும் பழகுகிறார்கள் என்று கேள்வி. பேத்தி காலேஜ் முடித்துவிட்டாள். நினைத்த கிழமையில் வருகிறாள். என் பெண் அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை, என்னோடுதான் இருக்கிறாள். அன்றைக்குத் தெரு முனையிலிருந்து வீடு வரைக்கும் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "அந்த வக்கீல் கேட்டிருந்தா சொல்லியிருப்பியாம்மா?" என்றாள்.

சொல்லியிருப்பேன் என்றேன். அவள் உள்ளே போய் உலை வைத்தாள்.