பின் சக்கரத்துச் சத்தம்

சின்னம்மா வேலையிலிருந்து திரும்புவதை நான் முதலில் காதால்தான் தெரிந்துகொள்வேன். அவருடைய சைக்கிளின் பின் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டிக்' என்று சொடுக்கும். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் நந்திதுர்க் லைன் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே அந்தச் சொடுக்கு எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். உடனே நான் சமையலறையை விட்டு உள்ளறைக்குப் போய் ஏதாவது ஒரு புத்தகத்தை விரித்துக்கொள்வேன். அம்மா இறந்து சில வருடங்கள் கழித்து அப்பா மறுமணம் செய்துகொண்டவர் அவர். பேத்தமங்களாக்காரர், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கிளினிக்கில் ஆயா வேலை. என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எனக்கும் அவர்மேல் கோபம் ஒன்றுமில்லை. ஆனால், கல்லூரி முடித்த வயதில், வீட்டுக்குப் புதிதாக வந்த ஒருவரை என்னவென்று கூப்பிடுவது? சின்னம்மா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார் அப்பா. எனக்கு வாய் வரவில்லை. அப்பாவிடம் 'அவங்க' என்பேன். நேரில் எதுவும் சொல்லாமலே பேச்சைத் தொடங்கிவிடுவேன்.

அப்படி இருக்கையில்தான் எனக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஊரில் பாதிப் பேரைப் போல நானும் இனி விடியற்காலை ரயிலைப் பிடித்தாக வேண்டும். ஊர்காம் ஸ்டேஷன் வரை போக அந்த நேரத்தில் ஆட்டோ கிடைப்பது நிச்சயமில்லை. அப்பாவுக்கோ பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் இரவுக் காவல். "நான் கொண்டாந்து உட்டுர்றேன், கேரியர்ல உக்காந்துக்கோ" என்றார் சின்னம்மா. வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகை பார்த்தோம். இரண்டு பேர் கனத்தில் 'டிக்' என்பது 'டக்' ஆனது. இறக்கத்தில் சக்கரம் உதறியது. பயந்துபோய் அவர் இடுப்புப் புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் மெல்ல பிரேக் பிடித்து இறங்கினார். "இது நம்மள நடுரோட்டுல உட்டுடும்மா" என்றார்.

மறுநாள் காலை பஜாரில் ஒரு சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் ஸ்டாண்டு போட்டு சக்கரத்தைச் சுழற்றினார். சத்தமே இல்லை. "நல்லாத்தானேமா சுத்துது, இன்னா கம்ப்ளெயிண்ட்?" என்றார். நாங்கள் சொன்னதற்காக பேரிங் குண்டுகளை மாற்றி கிரீஸ் வைத்துக் கொடுத்தார். சின்னம்மா ஏறி மிதித்தார். கடையைத் தாண்டுவதற்குள்ளேயே 'டிக்'.

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சின்னம்மா மறுபடி ஏறி, கொஞ்சம் மிதித்துவிட்டுக் காலை எடுத்து சும்மா உருள விட்டார். அப்போதும் சொடுக்கியது. "பெடல் இல்ல, செயினும் இல்ல. சக்கரம்தான்" என்றார். ஸ்டாண்டில் சுற்றினால் மட்டும் ஏன் சத்தம் இல்லை என்று கேட்டேன். அவர் சட்டென்று சிரித்துவிட்டார். "ஆளு உக்காந்தாத்தான் கத்துது! கடையில யாரு உக்காந்தா? நான் ஓட்டுறேன், நீ கூடவே வா. எங்கேருந்து வருதுன்னு காது குடுத்துக் கேளு."

துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்தபடி, சக்கரத்துக்குப் பக்கத்தில் காதை வைத்து ஓடினேன். தண்ணீர்க் குழாயில் நின்றிருந்த பெண்களுக்கு அன்று நல்ல வேடிக்கை. முதலில் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோல இருந்தது. பிறகு ஒன்று பிடிபட்டது. காற்றடிக்கும் வால்வு மேலே வரும்போதெல்லாம், நேர் கீழே, தரையை ஒட்டிச் சொடுக்கியது.

"நிறுத்துங்க சின்னம்மா!" என்று கத்தினேன்.

அவர் பிரேக்கைப் பிடித்தார். கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்தின் அருகில் குந்தி உட்கார்ந்து, "எந்தப் பக்கம்?" என்றார்.

வால்வுக்கு எதிர்ப்புறத்திலிருந்த கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விரலால் அழுத்திப் பார்த்தோம். மற்றவை விறைப்பாக நிற்க, ஒரு ஜோடி மட்டும் துவண்டது. அவை ஒன்றையொன்று கடக்கும் இடம் உரசி உரசித் துரு போய் வெள்ளியாக மின்னியது. பக்கத்து வீட்டில் கம்பி முறுக்கும் ஸ்போக் சாவி வாங்கிவந்தேன். ஆர்வத்தில் ஒரேயடியாக முறுக்கியதில் சக்கரம் கோணிக்கொண்டு பிரேக் கட்டையில் இடித்தது. மறுபடி தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். அவர் சுற்றிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்... போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில், ஏதோ கடைக்குப் போய்வந்த கதை சொல்வதுபோலச் சொன்னார்:

"இந்தச் சத்தம் வந்து ரொம்ப நாளாவுது. நான்தான் கடைக்கு எடுத்துனு போவல."

"ஏன்?"

"நான் வர்றது உனக்கு முன்னாடியே தெரியட்டுமேன்னுதான். திடீர்னு வந்து நின்னா உனக்கு சங்கடமா இருக்கும்ல."

என் கை சாவியிலேயே நின்றுவிட்டது. நான் உள்ளறைக்கு ஓடுவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், ஓடுவதற்கு எனக்கு நேரம் கொடுத்தபடி, தெருவெல்லாம் திரும்பிப் பார்க்க அந்தச் சத்தத்தோடு போய்வந்திருக்கிறார். "ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாமா சின்னம்மா?" என்றேன். இந்த முறை தெரிந்தேதான் கூப்பிட்டேன். கேரியரில் ஏறிக்கொண்டேன். தெருக்கோடிவரை போய்த் திரும்பினோம். டயரில் மணல் நெரிவதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ரயில் கிளம்பும்வரை பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். அன்று கிளினிக்கில் நேரமாகி, இரவு எனக்குப் பிறகுதான் அவர் வீடு திரும்பினார். சமையலறையில் நின்றிருந்த எனக்கு அவர் வந்தது தெரியவில்லை. வாசலிலிருந்து, "நான் வந்துட்டேம்மா!" என்று குரல் வந்தது. அவர் அப்படிக் குரல் கொடுத்தது அதுதான் முதல் தடவை. "வாங்க சின்னம்மா, டீ கொதிக்குது" என்றேன்.

இப்போது நான் பெங்களூரில் கணவர், மகளோடு மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். அப்பாவும் சின்னம்மாவும் மாதம் ஒருமுறையாவது வந்துவிடுவார்கள். சின்னம்மா இதுவரை எங்கள் வீட்டுக் காலிங் பெல்லைத் தொட்டதே இல்லை. இரண்டாவது மாடிப் படியிலேயே, "வந்துட்டேம்மா!" என்று சத்தம் போடுவார். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்ப்பார். நான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைப்பேன்.